ராத்தா அறுத்த வாத்து

உங்களில் பாதிப் பேர் இப்போது வருஷம் தவறாமல் உம்ராவுக்குப் போய்வருகிறீர்கள். காலையில் விமானம் ஏறினால் இரவுத் தொழுகைக்கு மக்காவில் நிற்கிறீர்கள். திரும்பி வந்து முழங்கால் வலியையும் ஹோட்டல் சாப்பாட்டையும் பற்றித்தான் பேச்சு. நாம் பாவாடை கட்டித் திரிந்த காலத்தில் அப்படியில்லை. கல்முனையிலிருந்து ஒரு குடும்பம் அஜ்மீர் தர்காவுக்குச் சியாரம் போகிறது என்றால் தெருவே திரண்டு வந்து அழுது வழியனுப்பும். எங்கள் வீட்டு வாசலில் அன்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றவர்களில் உங்களில் சிலரும் உண்டு. நான் பார்த்தேன்.

நாங்கள் ஏன் போனோம் என்பதும் உங்களுக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். என் மூத்தவள் ராத்தாவுக்குக் கலியாணமாகி நாலு வருஷமாகியும் பிள்ளையில்லை. அவளுடைய மாமி ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, வெற்றிலையைக்கூடத் தொடாமல், அடுத்த நோன்புக்குள் ஒரு நல்ல செய்தி வராவிட்டால் மகனுக்கு வேறு இடம் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனா. கொழும்பு வரை கொண்டுபோய் டொக்டரிடம் காட்டியது ராத்தாவை மட்டும்தான். அவள் புருஷன் மச்சானையும் காட்டலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் சொல்ல வாய் வந்திருக்காது.

நம் பக்கத்தில் மாப்பிள்ளைதானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். வாப்பா ராத்தாவுக்குக் கட்டிய வீட்டில், முன்னறையை மச்சானின் புத்தகங்களுக்கென்றே ஒதுக்கியிருந்தார். மச்சான் இங்கிலீஷ் வாத்தியார். வாப்பாவோ கைநாட்டுக்குச் சற்று மேலே, தன் பெயரை எழுதத் தெரிந்த போடியார். நாலு பேரை வைத்து வயல் செய்கிறவர். ஜும்ஆவுக்குப் போகும்போது மருமகனை வலது பக்கம் நடக்கவிட்டு, எதிரே வருகிறவர்கள் பார்க்கிறார்களா என்று கடைக்கண்ணால் பார்ப்பார். அந்த மருமகன் எழுந்து போய்விட்டால் வாப்பா என்ன ஆவார் என்பதுதான் உம்மாவின் பயம். மகளுக்கு என்ன ஆகும் என்பதைவிட அந்தப் பயம் பெரிதாக இருந்தது.

மாரி அடங்கி, தலைமன்னாரிலிருந்து கப்பல் மறுபடியும் ஓடத் தொடங்கியிருந்தது. வயல்களில் கதிர் பறிந்து பால் பிடிக்கிற நேரம். போடியார் எவரும் வயல் வட்டையை விட்டு நகராத நேரம் அது. சோறு தின்னும்போதுகூட ஒரு காது குருவிச் சத்தத்தில் இருக்கும். அந்த நேரத்தில் வாப்பா காவலை வேறு ஆட்களிடம் விட்டுவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். வாப்பா, உம்மா, ராத்தா, மச்சான், நான். ராத்தா என்னைப் பக்கத்தில் போடாமல் தூங்கமாட்டாள். அதனால்தான் எனக்கும் இடம் கிடைத்தது.

அந்தப் பயணத்தில் ஒருவருக்கும் ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. வாப்பா ரயில் ஜன்னலால் தெரிகிற ஒவ்வொரு வயலையும் எட்டிப் பார்த்து, "இது கோதுமயா, என்ன எழவு இது?" என்று தனக்குள் முனகுவார். உம்மா பூட்டிய அலுமாரியின் சாவி முடிச்சை நிமிஷத்துக்கொரு தடவை தடவிப் பார்ப்பா. மச்சான் நின்ற ஸ்டேசனிலெல்லாம் இறங்கி ஏறினார். எனக்கு மதராசில் வாங்கித் தந்த கம்பளிச் சட்டை கழுத்தைக் கடித்தது. உம்மாவின் தகரப் பெட்டியில் அரிசி, கருவாடு, மாசி, நாலைந்து தேங்காய். பெட்டியைத் திறந்தால் அந்தப் பக்கமிருந்த வடநாட்டார் எழுந்து வேறிடம் போய்விடுவார்கள். இறைச்சி எங்கும் வாங்கவில்லை. எவன் அறுத்ததோ, பிஸ்மி சொன்னானோ இல்லையோ என்று உம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டா.

ராத்தா மட்டும் அசையாமல் இருந்தாள். அவளைத்தான் எல்லோரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம், ஒவ்வொரு நிமிஷமும் அவளுக்குள் ஏதாவது நடக்க வேண்டும் என்பது போல.

ஆக்ராவைத் தாண்டியதும் மச்சானுக்குக் காய்ச்சலும் வயிற்றோட்டமும். அடுத்துப் பெரிய ஊராக எது வந்தாலும் இறங்கிவிடுவோம் என்றார் வாப்பா. அப்படி இறங்கிய ஊர்தான் பரத்பூர். அப்படியொரு ஊர் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. பள்ளிவாசலை அடுத்திருந்த முசாபிர்களின் விடுதியில் ஒரு அறை கிடைத்தது. வாப்பாவிடம் அந்த ஊர்ப் பாஷை ஒரு சொல்லும் இல்லை. ஸலாம் ஒன்றை வைத்துக்கொண்டே சூடான தண்ணீர், கம்பளி, டொக்டர் எல்லாம் வரவழைத்துவிட்டார். மண் கோப்பையில் தேத்தண்ணீர் வந்தது. குடித்துவிட்டுக் கோப்பையை எறிய வேண்டுமாம். வாப்பாவுக்கு மனம் வரவில்லை. கழுவிக் கழுவி ஜன்னலில் வரிசையாக அடுக்கினார். விடுதிக்காரர் அதைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

குளிர் என்றால் அப்படிக் குளிர். வாய் திறந்தால் புகை. நானும் ராத்தாவும் ஒருவர் முகத்தில் ஒருவர் புகை விட்டுச் சிரித்தோம். ஊரிலிருந்து புறப்பட்ட பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

மச்சானுக்கு ஓரளவு சுகமானதும் ஊரைச் சுற்றிப் பார்த்தோம். கோட்டையைச் சுற்றி அகழி, அகழிக்கு அப்பால் மலை போல மண் மதில். அந்தக் கோட்டைக்கு இரும்புக் கோட்டை என்று பெயர். "மண்ணுக்கு இரும்பெண்டு பேர் வெச்சிரிக்கானுகள்" என்று வாப்பா சிரித்தார். மச்சானுக்கு வாத்தியார் குணம் திரும்பிவிட்டது. வெள்ளைக்காரனின் பீரங்கிக் குண்டெல்லாம் அந்த மண்ணுக்குள் புதைந்து போனதையும், அவனால் கோட்டையைப் பிடிக்க முடியாமல் போனதையும் வகுப்பெடுப்பது போலச் சொன்னார். சொல்லும்போது அழகாகத்தான் இருந்தார். வாப்பா வாயைப் பிளந்து கேட்டார். வயல் வரம்பில் கல்லு வைக்காமல் மண்ணு வைக்கிறது சும்மாவா என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்.

அஜ்மீர் ரயில் மறுநாள் பின்னேரம். அதுவரை அறையில் அடைந்து கிடப்பானேன், ஊருக்கு வெளியே பறவைகள் இருக்கிற சதுப்பு நிலம் உண்டு, வெள்ளைக்காரரெல்லாம் வந்து பார்க்கிறார்கள் என்று விடுதிக்காரர் கையாலேயே சிறகடித்துக் காட்டினார். இரண்டு சைக்கிள் ரிக்‌ஷாவில் விடிய வெள்ளென்றே போனோம்.

அதை எப்படிச் சொல்வது? நம் வட்டைகளில் தண்ணீர் கட்டி நிற்கும்போது கொக்கும் நாரையும் இறங்குமே, அதை நூறு வட்டைக்குப் பெருக்கிப் பாருங்கள். மரமெல்லாம் மஞ்சள் மூக்கு நாரைகளின் கூடு. தண்ணீரெல்லாம் தாரா வாத்து. கறுப்பு, செம்பு, சாம்பல் நிறங்களில் நாம் கண்டேயிராத தாராக்கள். பனி விலக விலக இன்னும் இன்னும் தெரிந்தன. அவ்வளவு சத்தத்தையும் நான் அதற்கு முன் பள்ளிவாசல் கொடியேற்றக் கூட்டத்தில்தான் கேட்டிருக்கிறேன்.

வாப்பா ரிக்‌ஷாவை நிறுத்தச் சொல்லி இறங்கினார். அணைக்கட்டையும் மதகையும் பார்த்தவுடனேயே, இது ஆண்டவன் படைத்த குளமல்ல, மனிதன் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் பாய்ச்சியது என்று கண்டுபிடித்துவிட்டார். பிறகு நிமிர்ந்து தாராக்களைப் பார்த்தார். முகம் கறுத்தது.

"யா அல்லாஹ்! இவ்வளவும் நம்மட வட்டைக்குள்ள எறங்கினா ஒரு மணி நெல்லும் மிஞ்சாதே!"

அடுத்த நிமிஷம் தோளிலிருந்த துவாயைச் சுழற்றி, "ஓ... ஹோய்! ஹோ... ஹோய்!" என்று வயல் காவல்காரன் குரலில் கூவினார். கையைத் தட்டினார். ஒரு கூட்டம் ஜிவ்வென்று எழும்பியது. ரிக்‌ஷாக்காரர் ஓடிவந்து வாப்பாவின் வாயைப் பொத்தாத குறை. தூரத்தில் தூரக்கண்ணாடியோடு நின்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது.

"மாமா, இது சரணாலயம். ஆக்கள் பாக்கிறாங்க."

"சும்மா கை தானா எழும்பிட்டு மருமகன்," என்றார் வாப்பா வெட்கத்தோடு.

உம்மா அதற்குள் ஒரு நாரைக் கூட்டைக் கண்டுவிட்டா. தாய் நாரை வந்து குஞ்சுகளுக்கு மீன் கக்கிக்கொண்டிருந்தது. "பாரு மகள், அதுகளுக்குக் கூட அல்லாஹ் குடுத்திரிக்கான்," என்றா. ஆறுதலாகத்தான் சொன்னா என்று இன்றைக்கும் நம்புகிறேன். ராத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். குளிர்ந்து கிடந்தது.

அணைக்கட்டில் கொஞ்சத் தூரம் போயிருப்போம். தலைக்கு மேலே பெரிய வாத்துகள் வரிசையாகப் பறந்தன. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட வாத்துகள். எங்கிருந்தோ ஒரு கழுகு சரிந்து வந்து ஒன்றை அடித்தது. நகங்களால் பிடித்தது, பாரம் தாங்காமல் விட்டுவிட்டது. வாத்து எங்களுக்கு முன்னால் கட்டின் மேல் தொப்பென்று விழுந்தது. முதுகு கிழிந்து இரத்தம். கழுத்தைத் தூக்கித் தூக்கி அடித்தது. பார்க்க முடியவில்லை.

ஊரில் ஆடு கிணற்றுக்குள் விழுந்தாலும், கோழியை லொறி அடித்தாலும் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? உயிர் இருக்கும்போதே பிஸ்மி சொல்லி அறுப்பார்கள். விட்டால் வேதனைப்பட்டுச் சாகும், செத்தால் ஹறாம், இறைச்சியும் வீண். அதை நிறுத்தி யோசிக்கிற பழக்கம் நமக்கில்லை. வாப்பா பாய்ந்துபோய் வாத்தை இரண்டு கையாலும் அமுக்கினார். அது சாதாரணப் பறவையா? சிறகால் அவரை அறைந்தது. ஒரு கையை எடுத்தால் போய்விடும்.

"மருமகன், இடுப்பில கத்தி இரிக்கி, எடுங்க! கெதியா! உசிர் போகப் போகுது!"

மச்சான் ஒரு அடி பின்னால் வைத்தார். "மாமா, வேணா. விடுங்க மாமா," என்றார். உம்மா கண்ணைப் பொத்திக்கொண்டு கலிமா சொன்னா. ராத்தா என் கையை உதறினாள். வாப்பாவின் இடுப்பு வாரிலிருந்து மான்கொம்புப் பிடி போட்ட வில்லுக்கத்தியை இழுத்தாள், பல்லால் விரித்தாள், குனிந்தாள்.

"பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்."

ஒரே இழுப்பு. நம் ஊரில் ஒரு பெண் கோழி அறுத்து நான் அதுவரை கண்டதில்லை. கோழியோடு தெருவில் நின்று, போகிற வருகிற ஆம்பிளையைக் கூப்பிடுவார்கள். ராத்தா அறுத்து முடித்து, கத்தியைப் புல்லில் துடைத்தாள். வாத்து அடங்கியது. வாப்பா அவளை அண்ணாந்து பார்த்தார். "நல்லா அறுத்தாய் மகள்," என்றார்.

ரிக்‌ஷாக்காரர்கள் இரண்டு பேரும் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். விசில் சத்தம் கேட்டது. காவலர் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். இரத்தத்தையும் வாத்தையும் எங்களையும் பார்த்துவிட்டு அவர் போட்ட சத்தத்தில் இன்னொரு கூட்டம் தாரா எழும்பியது. அப்போதுதான் எனக்கே விளங்கியது, அந்த ஊரில் அந்தப் பறவையின் மேல் கை வைப்பது எவ்வளவு பெரிய குற்றமென்று. எங்களை உள்ளேயே இருந்த அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார்கள்.

மேசைக்குப் பின்னால் கழுத்தில் மப்ளர் சுற்றிய அதிகாரி. அவர் இங்கிலீஷில் கேட்டார். இதைச் செய்தது யார்? கேள்வி விளங்காமலே வாப்பாவுக்கு விளங்கிவிட்டது. சட்டையெல்லாம் இரத்தம், நெஞ்சில் தட்டிக் காட்டினார். "நான். நான்தான். இவங்க ஒருத்தரும் இல்ல."

அதிகாரி மச்சானைப் பார்த்தார். அந்த அறையில் எங்கள் பக்கம் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டார். கோட்டைக் கதை சொன்ன அதே அழகான குரலில் பேசினார். எனக்கு அப்போது இங்கிலீஷில் பூனை, நாய் அளவுதான் தெரியும். ஆனாலும் 'வைஃப்' என்ற சொல் தெரியும். அவருடைய விரல் ராத்தாவின் பக்கம் நீண்டதும் தெரிந்தது.

ராத்தா மச்சானை ஒருமுறை பார்த்தாள். கோபமில்லை, அழுகையில்லை. கடையில் துணியைத் திருப்பி அதன் மறுபக்கம் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. பிறகு வாப்பாவை விலக்கிவிட்டு மேசைக்கு முன்னால் போனாள்.

"ஓம். நான்தான் அறுத்தன். வாப்பா பிடிச்சவரு மட்டும்தான்."

பாஸ்போட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ராத்தாவை ஒரு மர வாங்கில் தனியே இருத்தினார்கள். அவளை மறியலில் அடைத்துவிடுவார்கள் என்று உம்மா வாய்விட்டு அழுதா. பாஷை தெரியாத ஊரில் மகளை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று வாப்பா அறையை அளந்து அளந்து நடந்தார். நான் ராத்தாவிடம் போகப் பார்த்தேன், காவலர் தடுத்தார். காலை போய் மத்தியானம் வந்தது. மச்சான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். கடைசியில் அந்த அலுவலகத்து எழுத்தர் ஒருவர், நம் மார்க்கத்தவர், வந்தார். வாத்தின் கழுத்தையும் முதுகிலிருந்த கழுகு நகக் கிழிசலையும் புரட்டிப் பார்த்தார். நடந்தது அவருக்கு உடனே விளங்கிவிட்டது. அதிகாரியிடம் நெடுநேரம் பேசினார். அதிகாரி ராத்தாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார், கடுமையாக எச்சரித்தார், பாஸ்போட்டுகளைத் திருப்பித் தந்தார். வாத்தையும் வில்லுக்கத்தியையும் தரவில்லை. அந்தக் கத்தி வாப்பாவின் வாப்பா வைத்திருந்தது.

வெளியே வரும் வழியில் ஒரு கோயில், அதனருகே எழுத்து வெட்டிய கல். ஒன்றும் நடக்காதது போல மச்சான் அதை வாசித்துச் சொன்னார். இன்ன துரை வந்து ஒரே நாளில் இத்தனை ஆயிரம் தாரா சுட்டார், இன்ன பிரபு இத்தனை சுட்டார் என்று வரிசையாக வெட்டியிருந்தது.

"சுட்டவனுக்குக் கல்லு. அறுத்தவளுக்கு வாங்கு," என்றார் வாப்பா. மச்சான் சிரித்தார். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிப்பை நிறுத்திவிட்டு, "நான் உண்மையத்தானே சொன்னன் மாமா," என்றார்.

"உண்மைதான் மருமகன்," என்றார் வாப்பா. அன்று அவர் மச்சானை வலது பக்கம் நடக்கவிடவில்லை. தானே வேகமாக முன்னால் நடந்துவிட்டார்.

இத்தனை வருஷம் கழித்து யோசிக்கும்போது மச்சான் மேல் எனக்கு முன்போல ஆத்திரமில்லை. காய்ச்சலில் எழும்பிய மனிதர், அரசாங்க உத்தியோகம், அந்நிய நாடு, பயந்திருப்பார். சொன்னதும் பொய்யில்லை. ஆனால் உண்மையைச் சொல்வதற்கும் விரலை நீட்டுவதற்கும் இடையில் ஒரு மனிதனுக்கு நிற்க இடமிருக்கிறது. வாப்பா அங்கே போய் நின்றார். மச்சான் நிற்கவில்லை.

ரயிலைத் தவறவிட்டு மறுநாள்தான் அஜ்மீர் போனோம். வழியெல்லாம் ராத்தா பேசவில்லை. அதற்குப் பெரியவர்கள் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தார்கள். மறியலுக்குப் பயந்துவிட்டாள் என்றார் வாப்பா. ஜெய்ப்பூர் ஸ்டேசனில் அரக்கு வளையல் வாங்கிப் போட்டுவிட்டார். சதுப்பில் ஏதோ ஜின்னின் பார்வை பட்டுவிட்டது என்றா உம்மா. ஓதிய நூல் கட்டினா. அதோடு, பெண் அறுத்தால் கூடுமா கூடாதா என்று கண்ட மௌலவியையெல்லாம் சைகையால் கழுத்தில் விரல் இழுத்துக் கேட்டு, அவர்களைக் கதிகலங்க வைத்தா. மாமி வீட்டில் போய் இதைச் சொல்லாதே என்று மட்டும் மச்சான் ராத்தாவிடம் சொன்னார். அவளுக்குள் என்ன ஓடுகிறது என்று அவளிடம் கேட்க மூன்று பேருக்கும் தோன்றவில்லை. சின்னவள் நான், எனக்கும் தோன்றவில்லை.

அஜ்மீரில் ரோசாப்பூவும் சந்தனமும் வேர்வையும் கலந்த மணம். சனம் நெருக்கியடித்தது. பச்சைப் போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ராத்தா நெடுநேரம் நின்றாள். பின்னாலிருந்தவர்கள் தள்ளினார்கள், அவள் விடவில்லை. உம்மா அழுதுகொண்டே, "கேளு மகள், மனசு விட்டுக் கேளு," என்றா. ராத்தாவின் உதடு அசைந்தது. திரும்பும்போது அவள் முகம் தெளிந்திருந்தது. ஒப்புக்கொண்டான் அல்லாஹ் என்று உம்மா அங்கேயே பெருமூச்சு விட்டா. மச்சானும் சந்தோஷப்பட்டார், என் தலையைத் தடவினார்.

ராமேஸ்வரத்திலிருந்து திரும்பும் கப்பலில், வாப்பாவும் மச்சானும் மேல்தட்டில் இருந்தபோது, உம்மா மெல்ல ராத்தாவை நெருங்கி உட்கார்ந்தா. நான் ராத்தாவின் மடியில் தலை வைத்திருந்தேன்.

"மகள், ஆம்புளப் புள்ள கேட்டியா, பொம்புளப் புள்ள கேட்டியா?"

"நான் புள்ள கேக்கல்லம்மா."

"அப்ப என்னத்தக் கேட்டாய்?"

ராத்தா கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஊருக்குப் போனதும் அவர எழும்பிப் போகச் சொல்லப் போறன். அது நடக்கக்குள்ள வாப்பாட நெஞ்சு தாங்கோணும். அத மட்டும்தான் கேட்டன்."

கரை தெரிகிற வரை உம்மா சாவி முடிச்சைத் திருகிக்கொண்டேயிருந்தா.

ஊருக்கு வந்து முதல் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்த மச்சானிடம் ராத்தா முன்னறை வாசலில் நின்று சொன்னாள். என்ன சொன்னாள் என்பது கேட்கவில்லை, நீளமாக ஒன்றுமில்லை. அவர் சத்தம் போட்டார், பிறகு கெஞ்சினார், பிறகு பெட்டியை அடுக்கினார். வாப்பா விறாந்தையில் அசையாமல் இருந்தார். உம்மா அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றா. மச்சான் வெளியே வந்ததும் வாப்பா எழுந்தார். அவர் கையிலிருந்த புத்தகக் கட்டை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்துபோனார்.

திரும்பி வந்து கிணற்றடியில் முகம் கழுவினார். சோறு போடச் சொன்னார். வட்டையில் எந்தப் பக்கம் முதலில் வெட்டுவது என்று ராத்தாவிடம் பேசிக்கொண்டே சாப்பிட்டார்.

பிள்ளையில்லாததால் மாப்பிள்ளை விட்டுவிட்டுப் போனார் என்று ஊர் சொன்னது. நீங்களும் சொன்னீர்கள். அஜ்மீர் வரைக்கும் போயும் அந்தப் பெண் கேட்ட துஆவை அல்லாஹ் ஏற்கவில்லை, கபூலாகவில்லை என்று, ராத்தாவின் மையித்துக் கிடந்த வீட்டில்கூட என் காதுபட ஒருத்தி சொன்னாள். கபூலானது. மச்சான் போன அன்று மத்தியானம் வாப்பா இரண்டாம் தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டார். நான்தான் கறி ஊற்றினேன்.